மணி அடிக்கும்போது வரும் சிவப்பு

இருட்டுகிற நேரத்தில் கடற்கரையில் நிற்கிற பெண் யாரோ ஓர் ஆளுக்காகத்தான் நிற்கிறாள் என்று எதிர்வீட்டுப் பிரிமா சொன்னால், அவள் ஒரு நாளாவது அங்கே நின்று பார்த்திருக்கிறாளா என்று நான் கேட்பேன். கேட்டும் விட்டேன், மீன் சந்தையில் பத்துப் பேர் நடுவில்.

"உன் மகன் கப்பல்ல கிடக்கான். மருமக ஆறு மணி ஜெபத்துக்குக்கூட வீட்டுல இல்ல. ஊர் வாயை மூடச் சொல்றியா?" என்றாள்.

"ஊருக்கு ஏதுடி வாய்? எல்லாத்தையும் நீயே வாங்கி வெச்சிருக்கியே."

என் மருமகள் ஜோவிலினைப் பற்றித்தான் பேச்சு. என் மகன் ரோமெல் சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்கிறான். கடலிலேயே இருந்தும் வானம் பார்க்காதவன். ஜோவிலின் காலையில் பள்ளி வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்பாள். மாலையில் கைப்பேசியோடு கரைக்குப் போவாள். ஒரு மூலை விரிசல் விட்ட பழைய கைப்பேசி. சூரியன் விழுவதைப் படம் பிடிக்கத்தான்.

அதில் குற்றமில்லை. எல்லோரும்தான் பிடிக்கிறார்கள். ஆனால் சூரியன் தண்ணீரில் முங்கியதும் ஜெப மணிக்குள் வீடு சேர ஓடி வந்துவிடுவார்கள். எங்கள் ஆன்டிகே மாகாணக் கரையில் மணி அடிக்கும்போது வெளியில் நிற்பது குடிகாரனும் நாயும்தான். இவளோ அப்போதுதான் வேலையைத் தொடங்குவாள்.

எனக்கும் உறுத்தியது, மறைக்க மாட்டேன். ஒரு நாள் பின்னாலேயே போய் ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கரை காலியானது. ஆள் யாரும் வரவில்லை. அவள் பாவாடை ஓரத்தால் லென்ஸில் படிந்த உப்பைத் துடைத்தாள். ஈர மணலில் முழங்காலிட்டு, லென்ஸ் கீழே வரும்படி கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, தேங்கிய தண்ணீரில் படாத குறையாகப் பிடித்தாள்.

"நானாய், அங்க நின்னா முதுகு வலிக்கும். இங்க வாங்க" என்றாள், திரும்பாமலே. எங்கள் பக்கம் மாமியாரையும் 'நானாய்', அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சூரியன்தான் போயிருச்சே, இன்னும் என்னடி?"

"அது போனாத்தான் மேகத்தோட அடியில வெளிச்சம் படும். கொஞ்சம் பொறுங்க."

மணி அடித்தது. சிலுவை போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். சாம்பல் மேகமெல்லாம் அடியிலிருந்து பற்றிக்கொண்டது. கருஞ்சிவப்பு, அதற்கு மேல் ஊதா. மணலில் தேங்கிய விரற்கடைத் தண்ணீரில் அத்தனையும் இன்னொரு முறை. திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு விரலைக் கீழே இழுத்தாள். படம் இருண்டது, நிறம் எழுந்தது. அறுபத்தெட்டு வருடமாக இந்தக் கரையில் இருக்கிறேன். அந்த நேரத்தில் எப்போதும் முழங்காலிட்டுச் சுவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

"புருஷனுக்கு அனுப்பத்தான் எடுக்கறேன்னு சொல்லிடு. பேச்சு நின்னுடும்" என்றேன் திரும்பும் வழியில்.

"அவருக்கு அனுப்புறேன்தான். அனுப்பாட்டியும் எடுப்பேன், நானாய். பொய் எதுக்கு?"

அக்டோபர் வந்தது. மாதா சிலை வீடு வீடாகப் போகும் மாதம். எந்த வீட்டுக்கு வருகிறாளோ, அங்கே ஜெப மணி நேரத்தில் தெருவே முழங்காலிடும். எங்கள் முறைக்கு முந்தின நாள், சிலையைச் சுமந்து வருகிற பிரிமா வந்து சொன்னாள்: "உன் மருமக நாளைக்கு முழங்கால்ல இருக்கணும். இல்லேன்னா மாதா இந்தப் படி ஏறமாட்டா."

நான் வாழ வந்த நாள் முதல் மாதா ஒரு வருடமும் எங்கள் வீட்டைத் தவிர்த்ததில்லை. ஜோவிலின் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்காக இருக்கேன், நானாய்."

மறுநாள் மதியம் மழை கொட்டி ஓய்ந்தது. மேற்கே மேகம் மீன் செதிள் போல அடுக்கடுக்காகக் கிடந்தது. கடலை ஒட்டி ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தது. அது எப்படிப்பட்ட மேகம் என்று இப்போது எனக்கே தெரியும். பெண்கள் வந்து நிறைந்தார்கள். ஜோவிலின் முதல் வரிசையில் முழங்காலிட்டாள், கண் மட்டும் ஜன்னலில். பிரிமா சிலையை அணைத்தபடி வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இருக்காளா?"

"இருக்கா. எழுந்திரு ஜோவிலின். உன் கைப்பேசி அரிசிப் பானை மேல இருக்கு. எடுத்துட்டுக் கிளம்பு" என்றேன்.

"மாதா முன்னாடியேவா அனுப்புறே?" பிரிமாவின் குரல் கீச்சிட்டது. "அப்போ நான் உள்ள வரமாட்டேன்!"

"நீ வராட்டி போ. மாதா வர்றாளான்னு அவளைக் கேளு. வழியை விட்டுட்டு அவளையும் கொஞ்சம் மேற்கே திருப்பிப் பிடி. வருஷமெல்லாம் சுவரையே பார்க்குறா, பாவம்."

ஜெபம் முடிந்ததும் பெரியவர்களிடம் ஆசி வாங்கச் செய்கிறதை ஜோவிலின் முன்னமே செய்தாள்: என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு வாசலுக்கு நடந்தாள், ஓடவில்லை. பிரிமா சிலையோடு ஒரு பக்கம் நகர்ந்தாள். ஜோவிலின் படி இறங்கும்போது மணி அடித்தது.