வெல்மா கண்ட காலித் தட்டு

வெல்மா குசேரா லேசில் யாரையும் நம்பமாட்டாள். லிங்கன் நகரப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிருமி வளர்க்கிறவள். முன்பு ஒரு கெட்டிக்கார மாணவன் இல்லாத எண்களை எழுதிவைத்து எல்லோருடைய பெயரையும் கெடுத்தான். அதிலிருந்து யாராவது நல்ல முடிவோடு வந்தாலே இவள் முதலில் பொய்யைத்தான் தேடுவாள்.

இப்போது அங்கே வேலை பார்க்கும் இளம் ஆய்வாளன் டெரன்ஸ் அப்படியொரு முடிவோடு வந்திருந்தான். பாக்டீரியா வளரும்போது தன் சுவரைத் தானே வெட்டிவிட்டு, புதிதாகக் கட்டிக்கொள்ளும். பென்சிலின் கட்டுவதை நிறுத்தும். வெட்டு மட்டும் நடக்கும். கிருமி வெடித்துச் சாகும். வெட்டச் சொல்லி உத்தரவிடும் மரபணுவை எடுத்துவிட்டேன், இனி மருந்துக்குள்ளேயே உயிரோடு கிடக்கிறது என்றான் டெரன்ஸ்.

"யார் காதுல பூ சுத்தறான்," என்று வெல்மா முணுமுணுத்தாள். மரபணுவை நீக்க ஒரு டிஎன்ஏ வளையத்தை உள்ளே விடுவார்கள். அதில் பென்சிலினை உடைக்கும் மரபணுவும் இருக்கும். வேலை முடிந்ததும் வளையத்தை வெளியேற்ற வேண்டும். இவன் மறந்திருப்பான், அதனால்தான் கிருமி பிழைக்கிறது.

சனிக்கிழமை ஊரே உள்ளூர் அணியின் சிவப்புச் சட்டையோடு ஃபுட்பால் பார்க்கப் போயிருந்தது. வெல்மா டெரன்ஸின் கிருமியையும் மரபணு நீக்காத அதன் மூலக் கிருமியையும் பல்குச்சியால் தொட்டு, பென்சிலின் கலந்த தட்டில் இரண்டு கோடு இழுத்தாள். வளையம் இருந்தால் அவன் கோடு வளரும். ஞாயிறன்று பார்த்தால் தட்டு காலி.

வேறு யாராவது என்றால் வளையம் இல்லை என்று நிம்மதியாகியிருப்பார்கள். இவளுக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது. எல்லாம் செத்திருக்கிறது, அப்படியென்றால் பிழைத்ததாக அவன் எழுதிய எண்களே பொய். திங்களன்று ஆய்வுக்கூடத் தலைவி இங்ரிடிடம் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். டெரன்ஸின் வேலையை நீட்டிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட இருந்த இங்ரிட், பேனாவை மூடிவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"ஒரு புள்ளிகூட வரல. செத்ததைத்தானே பொழைச்சதுன்னு எழுதியிருக்கே?" என்றாள் வெல்மா.

டெரன்ஸ் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "மருந்து இருக்கறப்போ எப்படி வளரும், வெல்மா? இது வளராது, சாகவும் சாகாது. மருந்தை எடுத்துட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவளுக்கு முகம் சுட்டது.

பென்சிலினை அழிக்கும் நொதியை அவளிடம் நீட்டினான். "நீங்களே தெளிங்க. நான் தொட்டா அதுக்கும் ஒண்ணு சொல்வீங்க."

தெளித்தாள். மூடிமேல் டேப் ஒட்டி, தன் கையெழுத்தும் போட்டுவைத்தாள்.

மறுநாள் டேப் பிரியாமல் இருந்தது. மூலக் கிருமியின் கோட்டில் இரண்டே புள்ளி. டெரன்ஸின் கோடு முழுக்க, சாகாமல் கிடந்து இப்போது வளர்ந்த புள்ளிகள். வெல்மா மார்க்கர் பேனாவால் குத்திக் குத்தி மூன்று தடவை எண்ணினாள். இங்ரிட் கடிதத்தில் கையெழுத்திட்டாள்.

மதியம் கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த சூடான ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு டெரன்ஸின் மேசைக்குப் போனாள்.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றாள். அவள் வாயிலிருந்து இது வருவது லேசான காரியமில்லை.

"பரவால்ல, விடுங்க," என்று சிரித்தபடி வாங்கிச் சாப்பிட்டான். அவளுக்கு மனம் லேசானது.

சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தான். நாலடி நடந்தவன் திரும்பி வந்து, மேசையில் விரித்திருந்த தன் ஆய்வு நோட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.