உர்ப்போ செய்த மூன்று அழைப்புகள்

2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. பின்லாந்தின் சாலோ நகரம். உர்ப்போ கெத்துனென், வயது 58, கைபேசி ஆலையின் முன்னாள் தொழிலாளி. மின்சுற்று வரைபடமும் மென்பொருளும் எவரும் எடுத்தாளும்படி திறந்துவைத்த ஒரு கைபேசியை மூன்றாண்டுகளாகச் சாப்பாட்டு மேசையில் உருவாக்கிவந்தார். புதிய செயலிச் சில்லும் 4ஜி பலகையும் பொருத்தியாயிற்று. இன்று அது பேசாவிட்டால் மேசையைக் காலிசெய்வதாக மனைவி ஹில்காவுக்கு வாக்களித்திருந்தார்.

மைத்துனர் தைஸ்தோவை அழைத்தார். மறுமுனையில் எடுத்தார்கள், குரல் வரவில்லை. எட்டு நிமிடம் காதை ஒட்டவைத்துக் காத்திருந்தார். பின்பு ஒலிவாங்கியை மாற்றி அழைத்தார், ஒலிபெருக்கியை மாற்றி அழைத்தார். அதே அமைதி.

"செத்துப்போச்சு ஹில்கா."

ஹில்கா கைபேசியைப் பிடுங்கினாள். "அண்ணே, இருக்கியா?"

"இருக்கேம்மா. காப்பி குடிச்சிட்டிருக்கேன்."

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

"கூப்பிட்டது மாப்பிள்ளை. அவரு பேசட்டும்னு இருந்தேன்."

ஹில்கா கணவரிடம் திரும்பினாள். "நீங்க ஒரு ஹலோவாவது சொன்னீங்களா?"

உர்ப்போ திருப்புளியைக் கீழே வைத்தார். "சொல்றதுக்குன்னு ஒண்ணும் இல்லையே."

அன்றைய சோதனை அறிக்கையை அவரே நேர்மையாக எழுதி இணையத்தில் ஏற்றினார்: அழைப்புகள் 3, மொத்த நேரம் 26 நிமிடம், அழைத்தவர் பேசிய சொற்கள் 0.