கயிற்றுப் பையும் கருப்புத் திரையும்

எங்கள் வீடு பட்டினப்பாக்கத்தில், ஹவுசிங் போர்டு பிளாக்கில், மூன்றாம் மாடி. காய்காரர் வந்து குரல் கொடுத்தால் நான் இறங்குவதில்லை. கயிற்றில் கட்டிய பையைக் கீழே விடுவேன். அவர் காயைப் போட்டதும் இழுத்துக்கொள்வேன். பையின் வாயைச் சுருக்க ஒரு நாடா தைத்து வைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் முதல் மாடிக்காரி. பை தன் ஜன்னலைத் தாண்டும்போது எட்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

"இன்னாக்கா, பைக்கு வாய தச்சிட்டியா? உன் கத்திரிக்காய நான் கண்ணு வெச்சிடப் போறேனா?"

நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். பதிலுக்குப் பதில் பேச எனக்கு வராது. லூப் ரோட்டில் மீன்கடை போட்டிருந்த காலத்திலும் கூவி விற்றது என் ஓரகத்திதான். நான் பக்கத்தில் குனிந்து மீன் வெட்டிக்கொண்டிருப்பேன்.

என் மருமகளுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. பிரசவ லீவு முடிந்ததும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்டாள். ஒரு மாதம் பார்ப்போம், ஒரு நாள் வேலை நின்றாலும் மறுநாளே ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். குழந்தையோ தாய்ப்பால் தவிர எதையும் வாயில் வாங்க மாட்டான். பாட்டிலைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் அந்த மாதம் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் அந்த லேப்டாப் மேல்தான் கண்.

காலையில் அவள் அதைத் திறந்ததும் ஒரு கருப்புத் திரை வரும். அதில் ஒரு வரி அடிப்பாள். எஸ்எஸ்ஹெச் என்று அதற்குப் பெயராம். இது எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆபீஸ்ல ஒரு மிஷின் கீது அத்தே. கணக்கெல்லாம் அதுலதான். வெளிய இருந்து யாரும் அதாண்ட போக முடியாது. இந்த வரிய அடிச்சா, அதோட வாசல் நம்ப லேப்டாப்புக்குள்ளயே வந்துடும். லோக்கல் போர்ட்டுன்னு சொல்லுவாங்க. நடுவுல ஊரெல்லாம் சுத்திக்கினுதான் வருது. ஆனா வழில யாரு பாத்தாலும் உள்ள இன்னா போவுதுன்னு புரியாது."

"நம்ப பை மாதிரி" என்றேன்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்தவன் விழித்துக்கொண்டான். "அதேதான் அத்தே. கீழ் வூட்டு அக்காவுக்குப் பை போறது தெரியும், கத்திரிக்காயா வெண்டைக்காயான்னு தெரியாது."

அந்த மாதத்தின் கடைசிப் புதன்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி. முன்வாரம் காய்ச்சல் இருக்கிறது என்று போடாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். என் மகன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். சவாரி ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி போயிருந்தான். அன்றைக்கென்று ஆபீசில் அந்தப் பழைய மிஷினை மத்தியானத்தோடு நிறுத்துவதாக இருந்தது. அதிலிருந்த கணக்கையெல்லாம் அதற்குள் அவள் நகல் எடுத்து முடிக்க வேண்டும். கருப்புத் திரையில் வழக்கமான வரியை அடித்தாள். அதன் பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் பச்சையாக ஒரு கோடு வளர ஆரம்பித்தது. அது அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது என்றாள்.

"தொடாதீங்க அத்தே. தூசி படுதுன்னு துணியப் போட்டு மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினாள்.

நான் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கோடு பாதியைத் தாண்டியிருக்கும், மின்விசிறி நின்றது. லேப்டாப் அணையவில்லை, சுவரில் இருந்த வைஃபை பெட்டியின் விளக்குதான் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது, பெட்டியும் மின்னியது. ஆனால் பச்சைக் கோடு நின்ற இடத்திலேயே நின்றது. கருப்புத் திரையில் புதிதாக ஏதோ ஒரு வரி வந்திருந்தது.

நானாக யாருக்கும் போன் செய்து பழக்கமில்லை. அன்று செய்தேன்.

"இன்னாச்சு அத்தே?" பின்னால் ஒரே குழந்தைகள் அழுகை.

"கரண்டு போயிட்டு வந்துச்சும்மா. கோடு நவுரல."

"வழி அறுந்துடுச்சு. நான் இப்ப லைன வுட்டு வந்தா ஊசி இன்னொரு வாரம் தள்ளிப் போயிடும். நீங்கதான் அத்தே போடணும்."

"நானா?"

"நீங்கதான். வலது பக்கம் கீழ, மேல பாக்குற அம்பு ஒண்ணு கீது பாருங்க. அத ஒரு வாட்டி அமுத்துங்க. காலைல நான் அடிச்ச வரி அப்படியே வரும். வந்துச்சா? அதாண்ட பெருசா என்டர் கீதே, அத அமுத்துங்க."

அமுக்கினேன். கேள்வி மாதிரி ஒரு வரி வந்து நின்றது. அதை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"பாஸ்வேர்டு கேக்குது" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "அத இங்க சொல்லக் கூடாது. சுத்தி ஆளுங்க." பிறகு, "இவன் வயித்துல இருக்கச்சொல்ல எனக்கு ஒரே ஒரு மீன்தான் எறங்குச்சு. ஞாபகம் கீதா?"

"இல்லாம?"

"அதான். நம்ப கடை போர்டுல இருந்த மாதிரியே இங்கிலீஷ்ல. அதோட ஒட்டுனாப்புல நம்ப வூட்டு நம்பர்." உடனே சிரித்தாள். "பக்கத்துல நிக்கிற அக்கா இன்னா மீனும்மான்னு கேக்கறாங்க. நீங்க வாய தெறக்காதீங்க."

நான் படித்தது கார்ப்பரேஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை. இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. ஆனால் அடையாறு பக்கத்து அபார்ட்மென்ட்காரர்களுக்காக என் மகன் மீன் பெயர்களை ஒரு போர்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதி வைத்திருந்தான். ஈரக் கை பட்டு அழிந்ததைத் தினமும் சாக்பீஸால் மேலெழுதியது நான். ஒவ்வொரு மீனின் பெயரும் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியும். அந்த மீனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினேன். திரையில் ஒன்றுமே விழவில்லை. சரியாக அமுக்கவில்லையோ என்று முதலிலிருந்து மறுபடியும் அமுக்கினேன். என்டர் தட்டினால் அதே கேள்வி திரும்ப வந்தது.

"எழுத்து வுழவே மாட்டேங்குதும்மா."

"வுழாது அத்தே. பாஸ்வேர்டு அடிக்கச்சொல்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அது காட்டாது. உள்ள போயிடும். நம்பி ஒரே ஒரு வாட்டி அடிங்க."

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கையெழுத்துகூட ஓடாது. ரேஷன் கடையில் கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்தி அழுத்திப் பிடிப்பேன். இங்கே நான் எழுதுவதை நானே பார்க்க முடியவில்லை. அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. நிதானமாக அடித்து, வீட்டு நம்பரையும் அடித்து, என்டரைத் தட்டினேன்.

திரை சும்மா இருந்தது.

"இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. கேள்வியும் கேக்கல."

"அப்ப தெறந்துடுச்சு. வழி தெறந்துட்டா அது பேசாது. கோட்டப் பாருங்க, தானா புடிச்சுக்கும்."

எனக்கு நம்பிக்கையில்லை. இத்தனை கேள்வி கேட்டது, திறந்தால் ஒரு வார்த்தை சொல்லாதா? போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பச்சைக் கோட்டைப் பார்த்தேன். அசையவில்லை. அந்தப் பக்கம் நர்ஸ் குழந்தையின் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. "கூப்புடறாங்க அத்தே" என்றாள் மருமகள், ஆனால் போனை வைக்கவில்லை. அப்போதுதான் கோட்டின் நுனி மெல்ல நகர்ந்தது.

"நவுருது. நீ போ" என்றேன்.

அவள் திரும்பி வந்தபோது கோடு கோடியைத் தொட்டிருந்தது. குழந்தை தொடையைத் தொடவிடாமல் அழுதான். சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, இனி வீட்டிலிருந்தே பாரும்மா என்று சொன்னாராம். போனை வைத்துவிட்டு அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள்.

பிறகு லேப்டாப்பை எடுத்துப் பாஸ்வேர்டை மாற்றப் போவதாகச் சொன்னாள். நான் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"புதுசு உங்களுக்குச் சொல்லட்டா அத்தே?"

"வாணாம். திரும்ப கரண்டு போனா அப்ப சொல்லு."

"அப்பவும் எதனா லைன்ல நின்னுக்கினுதான் சொல்லுவேன்."

"சொல்லு. கண்டுபுடிச்சுக்கறேன்" என்றேன்.