குப்பண்ணன் கேட்காத கேள்வி

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் குப்பண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பது வருடத் தரகர். மாட்டுக்காரன் வாயைத் திறந்து "குடுத்தனுங்க" என்று சொல்லிக் கயிற்றைக் கொடுத்தால்தான் அவருக்கு வியாபாரம் முடிந்த மாதிரி. வெறும் தலையாட்டலை ஒத்துக்கொள்ள மாட்டார். சொந்த ஊரான பெருமாட்டியில் அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பெல்லாம் இதனால் வந்ததுதான்.

அந்த மனுஷன் சொந்த மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனபால் பெண் பார்க்க வந்தபோது பிரதீபா தலைகுனிந்து நின்றாள். "புள்ளைக்குச் சம்மதந்தானுங்க" என்று இவரே சொல்லிவிட்டார்.

கல்யாணமான எட்டாம் மாதம் அவள் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா முத்தாத்தாளிடம் மட்டும் சொன்னாள்: "வேண்டாம்னாலும் அவரு உடறதில்லம்மா. இப்பெல்லாம் சொல்றதையே நிறுத்திட்டேன்." இதைப் புருஷனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் முத்தாத்தாள் மென்று முழுங்கினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மலையாளச் சேனலில் விவாதம். பெண் சம்மதமென்று தெளிவாகச் சொல்ல வேண்டும், பேசாமல் இருந்தால் சம்மதமாகாது, கட்டிய புருஷனானாலும் அப்படித்தான், அதற்குச் சட்டம் வேண்டும் என்றார் ஒரு வக்கீலம்மா. அப்புறம் குடும்பம் என்னத்துக்காகும் என்று எதிரே இருந்தவர் கத்தினார். சோற்றில் கை வைத்திருந்த குப்பண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இனி பொண்டாட்டிகிட்டயும் கையெழுத்து வாங்கோணுமாட்ட இருக்குது!" ரசம் ஊற்ற வந்த பிரதீபா ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை தனபால் பைக்கில் வந்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் ஏறிக்கொண்டாள். மகளுக்குப் புருஷன்மேல் இருந்த கோபம் தீர்ந்தது என்று குப்பண்ணன் சந்தோஷப்பட்டார், பாவி மனுஷன்.

பைக் போன பிறகுதான் முத்தாத்தாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏண்டி இப்பச் சொல்றே?" என்று கத்தியவர், சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார்.

மகள் வீட்டில் தனபால் நாற்காலி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றான். குப்பண்ணன் உட்காரவில்லை. "அம்மிணி, உனக்கு இங்க இருக்க இஷ்டமா? இல்லீனா இப்பவே நம்மூட்டுக்குப் போலாம், வா."

பிரதீபா புருஷன் முகத்தைப் பார்த்தாள். "இஷ்டந்தானுங்கப்பா."

சந்தையில் எத்தனையோ பேர் முகத்தைப் படித்தவருக்கு அது பொய்யென்று தெரியாதா? வாசல்வரை வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா சாமி" என்று கெஞ்சினார்.

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "மூணு நாளும் உங்க முன்னாலதானுங்கப்பா இருந்தேன். அப்பக் கேக்கலீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.