அக்காவின் வயிற்றுக்குப் பூக் கேட்டது

அன்றைக்குக் கோயிலில் இருந்தவர்கள் அம்மா, அண்ணன், அக்கா, அக்காவின் வீட்டுக்காரரான மாமா, அவர்களுடைய மகள், பூசாரி, நான். இல்லாதவர் டாக்டரம்மா. அக்காவுக்கு எந்த ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரைச் சேலத்தில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் சாமியிடம் கேட்கப் போயிருந்தோம். அப்பாவும் இல்லை. அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் அடிதடி இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பித்திருக்கும்.

அக்காவை நான் ஒல்லியாகப் பார்த்த ஞாபகம் இல்லை. மகள் பிறந்த பிறகு உடம்பு இன்னும் ஏறியது, கூடவே சர்க்கரையும் ஏறியது. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் மிளகும் காப்பித்தூளும் விற்கிற கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். டூரிஸ்ட் பையன்கள் தூரத்தில் நின்று செல்லில் படம் எடுப்பார்கள். ஒருத்தன் மேல் எடைக்கல்லை விட்டெறிந்தாள். நெற்றி கிழிந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. "கல்லு எத்தனை கிலோன்னு இப்பத் தெரிஞ்சுதாடா கண்ணு?" என்று கேட்டாளாம்.

மாமா ஜீப் ஓட்டுகிறவர். மலைப்பாதையில் அவரைப் போல நிதானமாக ஓட்ட ஆள் கிடையாது. வீட்டுக்குள் வந்தால் அந்த நிதானம் போய்விடும். அக்கா சோற்றில் கை வைக்கும்போது தட்டைக் காலால் தட்டிவிடுவார். "தின்னு தின்னே என் ஜீப்பு டீசலயெல்லாம் தின்னுட்ட" என்பார். ஒரு தடவை அடுப்படியில் வைத்து வயிற்றில் உதைத்தார். அக்கா கொதிக்கிற குழம்பிலிருந்து கரண்டியை எடுத்து அவர் முழங்கையில் இழுத்தாள். அந்தத் தழும்பை அவர் ஜீப்பில் ஏறுகிறவர்களிடம் காட்டெருமை குத்தினது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அக்காவின் இடது காலில் முள் ஏறியது. சர்க்கரையில் கால் மரத்துப்போயிருந்ததால் அவளுக்கு அது தெரியவே இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தோம். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். எடையும் சர்க்கரையும் இறங்காவிட்டால் அடுத்தது மற்ற விரல்கள், அப்புறம் பாதம் என்று சொல்லி, எடை குறைக்கிற ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்து எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டருக்கு உதவியாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காகிதம் எது வந்தாலும் என்னிடம்தான் வரும்: ரேஷன் கார்டு, பட்டா, கரண்ட் பில், இப்போது அக்காவின் வயிறு. டாக்டரம்மாவும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

மூன்று வழி இருக்கிறது என்றார். ஒன்று பலூன். வெட்டே இல்லை, இரைப்பைக்குள் பலூனை வைத்து ஊதுவார்கள், சில மாதத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்ததும் எடை திரும்பி வந்துவிடக்கூடும். இரண்டாவது ஸ்லீவ். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவது. மூன்றாவது பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கம் முட்டை அளவுக்கு ஒரு பையைப் பிரித்து, குடலை வெட்டி மேலே இழுத்து அந்தப் பையோடு தைப்பது. அக்காவுக்கு ஏற்கனவே நெஞ்செரிச்சல் பயங்கரம். ஸ்லீவ் பண்ணினால் அது இன்னும் கூடலாம். பழைய சர்க்கரைக்கும் பைபாஸ்தான் நல்லது, ஆனால் ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை விழுங்க வேண்டும், இனிப்புத் தின்றால் வேர்த்து மயக்கம் வரும், செலவும் ஸ்லீவைவிட ஒரு லட்சம் கூட என்றார். எல்லாம் சொல்லிவிட்டு, "என் யோசனை பைபாஸ். முடிவு நீங்க குடும்பமாப் பேசி எடுங்க" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எங்கள் வீடு தடுக்கி விழுந்தது.

வீட்டில் யாருக்கும் நான் காகிதத்தில் வரைந்து காட்டியது புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பன்றி அறுக்கிற இடத்துக்குப் போய் இரைப்பையும் குடலும் வாங்கி வந்தேன். ஆட்டுக்கு இரைப்பை நாலு அறை, பன்றிக்கு நம்மைப் போல ஒன்றுதான் என்று படித்திருந்தேன். தலைச்சோலையில் எங்கள் வீட்டு வாசலில் சாக்கை விரித்து அதன்மேல் பரப்பினேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள்.

"என்னையப் பன்னின்னு சொல்றதுக்கு இத்தன சுத்து சுத்தணுமாடா?"

அண்ணன் கத்தியைத் தீட்டி வைத்திருந்தான். நான் கோடு காட்டக் காட்ட அவன் இரைப்பையை நீளவாக்கில் கிழித்தான். ஆபீசிலிருந்து எடுத்து வந்த ஸ்டேப்ளரால் ஓரத்தில் பின் அடித்தேன். "இதுதான் ஸ்லீவ்." அப்புறம் குடலை நடுவில் அறுத்து, மேலே இழுத்து, கோணி ஊசியால் தைத்துக் காட்டினேன். "இது பைபாஸ்." ஒழுகாது என்று காட்டுவதற்காக ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். தையல் போட்ட இடத்தில் நாலு பக்கமும் பீறியடித்தது. அம்மாவின் சேலையில் தெறித்தது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"ஆஸ்பத்திரியில வேற மெசினும்மா, இப்படி ஒழுகாது" என்று நான் கத்தினேன்.

"கொழம்பு வெச்சரலாமா, இல்ல இன்னும் பாடம் இருக்குதா?" என்றான் அண்ணன்.

மாமா ஸ்லீவ் பக்கம். "அறுத்தமா, தச்சமா, ஊட்டுக்கு வந்தமான்னு இருக்கோணும். கொடல எடுத்து மாலை கட்டற வேலையெல்லாம் எதுக்கு? ஒரு லச்சம் சேர்த்திக் குடுத்து பொண்டாட்டியச் சாகடிக்கச் சொல்றயா?" பலூனை அவரே கழித்துக் கட்டினார்: "என் ஜீப்பு டயரே நாலு நாள் நிக்கறதில்ல."

அண்ணன் பைபாஸ் பக்கம். அது என்னவென்று அவனுக்குத் தெரியாது. மாமா சொன்னதற்கு எதிராக இருந்ததே போதுமாக இருந்தது. "காசுக்குப் பாக்கறியா மாப்ள? ஒதைக்கறப்ப வயித்து மேல அக்கறையில்ல, இப்ப வந்துருச்சாக்கும்?"

மாமா எழுந்து அண்ணன் சட்டையைப் பிடித்தார். நான் இடையில் புகுந்து பிரித்தேன். "டாக்டரம்மா பைபாஸ்னு சொல்லிட்டாங்க, அதுக்கு மேல என்ன பேச்சு?" என்று நான் சொன்னது எடுபடவில்லை.

"அந்தம்மாவுக்கே நெசமாத் தெரிஞ்சிருந்தா நம்மளப் பேசி முடிவெடுக்கச் சொல்லுமா?" என்றார் மாமா. "தெரியாமத்தான நம்ம தலையில உடுது?"

அதற்கு அண்ணனே தலையாட்டினான். மருத்துவர் என்றால் "இதைச் செய்" என்று அதட்ட வேண்டும். அதட்டாதவருக்கு விஷயம் தெரியாது. எங்கள் ஆட்களின் கணக்கு அது. அதைக் கேட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வெளியே வந்த அம்மா, "பூக் கேட்டுப் பாத்தர்லாம் சாமி" என்றாள். பெண் பார்க்கவும், கிணறு வெட்டவும், தோட்டம் வாங்கவும் கேட்கிறதுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி முன்னால் போட்டு, சின்னப் பெண் ஒருத்தியை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததுதான் சாமி வாக்கு. வெள்ளை வந்தால் ஸ்லீவ், சிவப்பு வந்தால் பைபாஸ் என்று பேசி முடித்தார்கள்.

மாமாதான் டவுனில் அரளிப் பூ வாங்கி வந்தார். எங்கள் எல்லார் முன்னாலும் இலையில் வைத்து இரண்டு பொட்டலம் கட்டினார். ஜீப்பில் அம்மா பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கோயில் எஸ்டேட் ரோட்டுக்கு மேலே. அக்காவால் கடைசிப் படிகளை ஏற முடியவில்லை. அண்ணனும் நானும் தூக்காத குறையாக ஏற்றினோம். காலில் கட்டியிருந்த துணி நனைந்து வந்தது.

பூசாரி பொட்டலங்களைச் சூலத்துக்கு முன்னால் உருட்டிப் போட்டார். அக்காவின் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

"சாமியே சொல்லிருச்சு பாரு மச்சான்" என்று மாமா அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டாவது பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அப்படியே மரத்தடியில் போட்டுவிடுவார்கள். பூசாரி அதை எடுக்கக் குனிந்தார்.

"அதையும் பிரிங்க" என்றாள் அக்கா.

"அது வழக்கமில்ல தாயீ."

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி அதைப் பிடுங்கினாள். நார் அறுந்து பூக்கள் மடியில் கொட்டின. அதுவும் வெள்ளை.

அண்ணன், "ஏண்டா, சாமிகிட்டயேவா?" என்று மட்டும்தான் கேட்டான். மாமா, "நான் மாத்தலடா, எம்புள்ள சத்தியமா" என்று வாயைத் திறந்தபோது அந்த வாயிலேயே குத்து விழுந்தது. மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. அண்ணன் காதைப் பல்லால் கவ்வி இழுத்தார். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு தேங்காய் உடைக்கிற கல்லில் போய் மோதினார்கள். பிரிக்கப் போன என் முகத்தில் அண்ணனின் முழங்கை பட்டு முன்பல் பாதி பறந்தது. பூசாரி மணியை அடித்துக்கொண்டே இருந்தார், அதைக் கேட்டு ஆள் வரட்டும் என்று. அண்ணன் மாமாவின் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கல்லில் அடித்தான். திரும்ப அடித்தான். ஏதோ உடைகிற சத்தம் வந்தது. தேங்காய் ஓடு தெறிக்கிற மாதிரி இல்லை, ஈரமாக இருந்தது. அந்தச் சின்னப் பெண் அலறிக்கொண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"அவரு மாத்தலடா சாமி!" அம்மா மண்ணில் விழுந்து அண்ணன் காலைக் கட்டிக்கொண்டாள். "நாந்தான். ஜீப்புல வரப்ப செவப்ப எடுத்துட்டு, வெள்ளையில பாதிய அதுல வெச்சு நாந்தான் மாத்துனேன்." இடுப்புச் சேலைக்குள் கை விட்டு எடுத்தாள். கசங்கிய சிவப்பு அரளி கை நிறைய இருந்தது.

அம்மா அழுதுகொண்டே சொன்னது இதுதான். அவள் சிறுமியாக இருந்தபோது கிளியூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் அவளுடைய அப்பாவைக் காட்டெருமை குத்தியது. வெளியே சரிந்த குடலைத் துண்டில் கட்டி, அவரைத் தூக்கிப் போனவர்கள் கூடவே அந்தத் துண்டை இவள் கையில் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தாள். பாதி வழியில் துண்டுக்குள் இருந்த சூடு போய்விட்டது. "கொடலத் தொட்டவங்க பொழைக்க மாட்டாங்கடா. நீயி அந்தப் பன்னிக் கொடல வாசல்ல போட்டு அறுத்தயே, எனக்கு எங்கப்பன்தான் தெரிஞ்சாரு."

அண்ணன் ரத்தக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். மாமா கன்னத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தார். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. அக்கா அம்மாவின் கையிலிருந்த பூவைத் தட்டிவிட்டாள். அதோடு அம்மாவின் கன்னத்திலும் ஒன்று வைத்தாள்.

"பன்னிகிட்டக் கேட்டீங்க, சாமிகிட்டக் கேட்டீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? கால் யாருது? அந்தம்மா சொன்னதத்தான் நான் பண்ணிக்குவேன். குறுக்க வர்றவங்க மண்டையில எடைக்கல்லு எறங்கும்."

எனக்கும் சுருக்கென்றது. இத்தனை படித்து, இத்தனை வரைந்து, அவளிடம் நானும் கேட்டிருக்கவில்லை.

ஆனால் உடனே எதுவும் நடக்கவில்லை. ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணத்தில்தான் மாமாவின் தாடைக்குப் பிளேட் வைத்தோம். சேதி தெரிந்து அவருடைய தம்பிமார் அடிவாரத்திலிருந்து வேனில் ஏறி வந்தார்கள். எங்கள் வீட்டு ஓடுகளை நொறுக்கினார்கள். தோட்டத்தில் காய்ப்பில் இருந்த மிளகுக் கொடிகளை அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள். தடுக்கப் போன அண்ணனை ரீப்பர் கட்டையால் அடித்து விலாவை உடைத்தார்கள். போலீஸ் வந்து, மாமாவின் தாடையை உடைத்ததற்காக, உடைந்த விலாவோடு அவனையே கூட்டிக்கொண்டு போனது.

மாமாவுக்குப் பல்லோடு பல்லைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். மென்று சாப்பிட முடியாது. அக்கா கஞ்சியை வடிகட்டி உறிஞ்சுகுழாய் போட்டுக் கொடுத்தாள். எடை குறைக்கிற ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுக்கிற சாப்பாடும் அதுதான்.

"ஏனுங்க, ஆப்பரேசன் எனக்கா உங்களுக்கா?" என்று கேட்டாள். அவர் கண்ணை உருட்டினார். உடம்பு இளைத்துச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. "நொம்ப அழகாயிட்டீங்க போங்க" என்றாள்.

கணவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை நான் அவர் முன்னால் வைத்தேன். அக்கா பக்கத்தில் நின்றாள். பைபாஸ் என்று எழுதியிருந்த இடத்தை நான் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் கம்பிப் பல்லுக்குள் ஏதோ முனகினார், பிறகு போட்டுவிட்டார்.

ஸ்டேஷனும் வக்கீலும் சமாதானமும் முடிந்து, அரை ஏக்கர் காப்பியை விற்றுப் பணம் கைக்கு வருவதற்குள் மழைக்காலம் போய்விட்டது. அதற்குள் அக்காவின் அதே காலில் இன்னும் இரண்டு விரல்கள் கறுத்தன. அவற்றை எடுத்த பிறகுதான் பைபாஸ் நடந்தது. குடலைத் தொட்டார்கள்; அக்கா பிழைத்தாள். அம்மா ஆஸ்பத்திரி வாசலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். அக்கா கண் விழித்ததும் உள்ளே போய், போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று. சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டிருந்த ஊசி இப்போது அக்காவுக்குத் தேவைப்படுவதில்லை. பாதம் தங்கிவிட்டது. கோணலாக நடக்கிறாள், ஆனால் கடைக்கு நடந்தே போகிறாள். மாமா இன்னும் கை ஓங்குகிறார். ஓங்கின கை பாதியில் நிற்கிறது, ஏனென்றால் அவள் இப்போது அவரைவிட வேகமாக எழுந்துவிடுகிறாள்.

டாக்டரம்மா முதல் நாள் பைபாஸுக்குச் சொன்ன தொகை நாலு லட்சம். தாடை, விலா, என் பல், ஓடு, ஸ்டேஷன், வக்கீல், விரல்கள், கடைசியில் அந்தப் பைபாஸ் என்று அண்ணனும் நானும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது, வெட்டுப்பட்ட மிளகுக் கொடியைச் சேர்க்காமலே, எட்டு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய் ஆகியிருந்தது.