கடல் பக்கத்து கோல்

எக்கியார்குப்பத்து மாலை வகுப்பில் பிள்ளைகளை எழுத வைப்பது லேசான காரியமில்லை. ‘என் பள்ளி’ என்று தலைப்புக் கொடுத்தால் ஒருவரும் பென்சிலைத் தொடுவதில்லை.

அதனால் இன்று, கடற்கரை மணலில் அவர்கள் நேற்று ஆடிய ஃபுட்பால் மேட்சையே கதையாக எழுதச் சொன்னேன். தலை நிமிராமல் எழுதினார்கள்.

ஆறாவது படிக்கும் செல்வி எழுந்து வாசித்தாள். அவள் கதையில் இரண்டு டீமும் ஒரே கோலில்தான் பந்தை அடித்தன, ஊர்ப் பக்கம் இருக்கிற கோலில்.

“கடல் பக்கத்து கோலை விட்டுட்டியேம்மா?” என்றேன்.

“அங்க கோலே இல்லீங்க டீச்சர். கோல்கீப்பர்னா கடலுக்கு முதுகக் காட்டி நிக்கணும். சுனாமிக்கு அப்புறம் யாரும் நிக்க மாட்டேங்கறாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்களின் கதைகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே கோல்தான்.

வகுப்பு முடிந்ததும், “வாங்க, நான் நிக்கறேன்” என்று அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கடல் பக்கம் என் செருப்புகளைத் தள்ளித் தள்ளி வைத்து நடுவில் நின்றேன். பந்தை உருட்டிக்கொண்டு வந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு அலை உடைந்தது.

திரும்பிவிட்டேன். பந்து காலைத் தாண்டிப் போனது.

கோல் என்று ஒருவரும் கத்தவில்லை. செல்வி மட்டும் பக்கத்தில் வந்து, “பரவால்லீங்க டீச்சர், நாங்களும் இப்படித்தான் திரும்பிப் பாப்போம்” என்றாள்.

உங்களில் கோல்கீப்பர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பந்து பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, திரும்பாமல் நிற்கத் தெரிந்தால் போதும்.