காணாமல் போனவனுக்கு ஒரு தர்ப்பை உருவம்

சென்ற புரட்டாசி அமாவாசைக்குக் காஞ்சிபுரம் போயிருந்தேன். தம்பி குகன் வன்னிப் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். உடல் கிடைக்கவில்லை. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு இந்த அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடலாம் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவிடம் சொல்லவில்லை. உயிரோடிருப்பவனுக்கு எள் இறைப்பது அவனைக் கொல்வது என்று இத்தனை வருடமாக மறுத்து வருகிறார்.

சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர். காலை ஆறரைக்கு இறங்கி, சர்வதீர்த்தக் குளத்துக்கு ஆட்டோ பிடித்தேன், நூறு ரூபாய். அமாவாசையன்று நெசவில்லை. தறிச் சத்தம் அடங்கிய தெருக்கள் தண்ணீருக்கடியில் கிடப்பவை போலிருந்தன.

"தறி நின்னா பொண்டாட்டி கொரலு நல்லா கேக்குது சார். அதான் ஆட்டோவ எடுத்துக்கினு வந்துட்டேன்" என்றார் ஓட்டுநர்.

குளத்தில் கோபுரம் கலைந்து கலைந்து மறுபடி கூடிக்கொண்டிருந்தது. புரோகிதர் விவரம் கேட்டார். சொன்னேன்.

"பன்னெண்டு வருஷம் தாண்டிடுத்தே. வெறும் எள்ளுத் தண்ணி போறாது சார். தர்ப்பையில உருவம் பண்ணி, தகனத்துலேர்ந்து எல்லாம் செய்யணும்."

"அவன் திரும்பி வந்தால்?" குத்தலாகத்தான் கேட்டேன்.

"வந்தா, புதுசா பொறந்த கொழந்தையா நெனச்சுக் குளிப்பாட்டி, பேர் வெச்சு ஆத்துக்குள்ள அழைச்சுக்கணும். அதுக்கும் சாஸ்திரம் இருக்கு."

படியில் உட்கார்ந்து அம்மாவை அழைத்தேன். புரோகிதர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"பேர் ஆர் வைக்கிறது?"

"நீங்கள்தான் அம்மா."

"அப்ப செய் ராசா. நானும் இஞ்ச தலைக்கு முழுகிறன்."

மறுநாள் காலை புரோகிதருடன் ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில், கைக்குழந்தை அளவு தர்ப்பை உருவத்துக்குத் தீ வைத்தேன். புகை ஆற்றின் குறுக்கே மெதுவாகப் போனது.

காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரணைகளில் வாக்குமூலம் வாங்கியவர்களும், குடும்பங்களுக்கு ஆறுதல் வகுப்பு எடுத்தவர்களும் 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்றே சொன்னார்கள். அவன் வந்து நின்றால் என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவர்கள்மீதும், போரை நடத்திய எல்லோர்மீதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளவும் எண்ணமில்லை.

இதே காரியமாகப் போகிறவர்கள் இரண்டு நாள் தங்கும்படி போங்கள். அமாவாசையன்று குளக்கரையில் கூட்டம், ஏழு மணிக்கு முன் போவது நல்லது. வீட்டில் காத்திருப்பவரிடம் முதலில் பேசிவிடுங்கள். என் அம்மா தகனம் முடிந்த அன்று மாலை மறுபடி அழைத்தார். குகன் என்ற பெயரையே வைக்கலாமா, அல்லது வேறு பார்க்க வேண்டுமா என்று கேட்டார்.